பிரேக் அக்காவின் காகிதம்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். ஆண்களும் வருவார்கள். மச்சானிடமோ சிநேகிதனிடமோ கற்றுக்கொள்ளப் போய், ஏதாவது ஒரு சுவரில் இடித்துவிட்டு, மானம் போனது போதும் என்று வந்து சேர்கிறவர்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவள் அதன்மேல் பாதத்தை லேசாக வைத்தபடி, "க்ளச்சை மெதுவா விடுங்க, அது ஒண்ணும் ஓடிப்போகாது" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதனால் அவளுக்கு பிரேக் அக்கா என்று பேர் விழுந்தது. இருபத்தாறு வருடமாக அந்தப் பேர்தான்.

பொறுமைசாலி என்றும் ஒரு பேர் உண்டு. அது வெளியில் மட்டும். பொறுமை முழுவதையும் வண்டிக்குள்ளேயே செலவழித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவள் அவள். அந்த வீட்டில் அவளோடு முப்பத்துமூன்று வருடம் குடும்பம் நடத்தியவர் ஒரு குழாய்க்காரர். பேச்சு குறைவு, கை நேர்த்தி. வீட்டில் சங்கடமான பேச்சு எழுந்தால் அவர் கை தானாக ஸ்பேனரைத் தேடும். ஒழுகாத குழாயையும் கழற்றி மாட்டிவிட்டு, பேச்சு அடங்கிய பிறகுதான் தலையை நிமிர்த்துவார்.

ஐம்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது, பிறகு பேசும்போது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்காத ஆள்.

"நுரையீரல்ல தழும்பு விழுந்து இறுகிட்டு வருது. மருந்து வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு வருஷம் இருக்கலாம். மூணுகூட இருக்கலாம். நடுவுல சளி கட்டி காய்ச்சல் வந்தா எதுவும் சொல்ல முடியாது."

நேராகச் சொன்னதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து மூலையில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி போற பைப்பை வாட்டம் இல்லாம போட்டிருக்காங்க. அதான் சுவர்ல இறங்குது" என்றார்.

அன்றைக்கே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவள் மனதில் ஒன்று தீர்மானமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் சுவாச இயந்திரத்தில் கிடந்தார். தொண்டையில் குழாய், மூக்கில் குழாய், கண் பாதி திறந்தபடி. நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணன் என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அத்தனை நாளும் பார்த்தவள் அவள். தனக்கு அப்படி வேண்டாம் என்று அவள் எழுதி வைக்க விரும்பினாள். அவ்வளவுதான் விஷயம். அதில் இத்தனை சிக்கல் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு படிவம் கொடுத்தார். மூன்று பக்கம். நினைவு தவறிய பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு மேலே 'எனக்காகப் பேசுபவர்' என்று இருந்தது. அவளால் பேச முடியாதபோது அவள் வாயாக இருந்து பேச ஒரு ஆள்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரர் இருக்கிறாரே.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"எது?"

"எனக்கு முடியாம போச்சுன்னா மெஷின்ல போட வேணாம்னு எழுதியிருக்கேன். அப்போ நீங்கதான் எனக்காகப் பேசணும்."

அவர் பேப்பரை மடித்தார். நான்காக மடித்து, இன்னொரு தடவை மடித்தார். "மேல டேங்க்ல தண்ணி ஏறுற சத்தம் வேற மாதிரி இருக்கு" என்று எழுந்து மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார், கையெல்லாம் பாசி.

"டேங்க் என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"மிதவை தேஞ்சு போயிருக்கு. மாத்திட்டேன்."

அடுத்து வேறூரில் வேலை பார்க்கும் மகன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் முகம் காட்டுவான். அவள் விஷயத்தை எடுத்ததும் அவன் முகம் திரையில் இன்னும் பெரிதாக வந்தது.

"அம்மா, நீ பாசிட்டிவா இரு. மனசுதான் பாதி மருந்து."

"மீதி பாதிக்குத்தான்டா இந்தப் பேப்பர்."

"இங்க ஒரு பெரிய டாக்டர் இருக்கார், நான் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"விசாரி. அதுக்கு முன்னாடி நான் சொல்றதை ரெண்டு நிமிஷம் கேளு."

"மீட்டிங் இருக்கும்மா. சாப்பிட்டியா?"

தங்கையிடம் போனாள். தங்கை நூலகத்தில் வேலை செய்கிறவள், எதையும் படித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவள். இதை முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. "அக்கா" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். நோயாளி அவள், ஆனால் முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, சமாதானம் சொல்லி, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டதும் அவள்தான். திரும்பி வரும்போது மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றாள். கோபத்தில் வாங்கியதா நோயில் வாங்கியதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சரி, சாட்சிக் கையெழுத்தையாவது முதலில் வாங்குவோம் என்று மருந்துக் கடைக்காரரிடம் போனாள். தினம் பார்க்கிற மனிதர், அவள் தின்னும் மாத்திரை அத்தனையும் அவர் கையால் கொடுத்தது. அவர் காகிதத்தைத் தொடாமலே பின்வாங்கினார்.

"நல்லா இருக்கிற மனுஷிக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நம்ம வாயால ஏன் சொல்லணும்?"

"நான் நல்லா இல்லைன்னுதானே மாசாமாசம் இத்தனை டப்பா குடுக்கறீங்க?"

"அது வேற, இது வேற" என்றார் அவர். என்ன வேறு என்று கேட்டதற்கு அடுத்து நின்றவரின் சீட்டை வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், "நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டார். அவள் செத்தால் அவர் படப்போகும் பாட்டுக்கு அவள் இப்போதே ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. காகிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவள் கைப்பையிலேயே கிடந்தது. மரணம் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் அவளைச் சுவரோடு சுவராக ஒதுக்கிவிட்டு நகர்ந்தார்கள். சாகப் பயப்படுகிறாயா என்று அவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயப்படத்தான் செய்தாள். சில சமயம் குளியலறையில் நின்று மூச்சு கிடைக்காமல் கதவைப் பிடித்துக்கொள்ளும்போது, இது இப்படியே நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைப்பாள். அதைச் சொல்லவும் ஆள் இல்லை. எல்லோருடைய பயத்தையும் அவள் பார்த்துக்கொண்டதில், அவள் பயத்துக்கு வீட்டில் இடம் இல்லாமல் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முடிதிருத்துபவர். ஐம்பது வயது, சவரக்கத்தி பிடித்தால் நடுங்காத கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். லைசன்ஸ் டெஸ்ட் அன்றைக்கு மைதானத்தில் அதிகாரி வரத் தாமதமானது. வரிசையாகப் பயிற்சிக் கார்கள் நின்றன. பதற்றத்தில் மனிதர் வியர்த்துக்கொண்டிருக்க, அவர் கவனத்தைத் திருப்பலாம் என்றோ, அல்லது அவளுக்கே பொறுமை போனதாலோ, கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள்.

"இதுல ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுறீங்களா?"

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். "டெஸ்ட் அன்னைக்குப் போய் இதைக் குடுக்கறீங்களே அக்கா. எனக்குக் கண்ணு இருட்டுது."

"உங்களுக்குமா?" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "ஒரு மனுஷி தன் சாவைப் பத்தி மூணு பக்கம் எழுதினா, படிச்சுப் பார்க்க இந்த ஊர்ல ஒரு ஆள் இல்லையா?"

பக்கத்துக் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் ரிவர்ஸ்காரர் என்று பேர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய டிரைவிங் ஸ்கூல் பலகைக்கு நேர் எதிரே, 'பெண்களுக்குத் தனிப் பயிற்சி' என்று எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதிப் பலகை மாட்டினவர். போய்க் கேட்டதற்கு, "அந்த வார்த்தையெல்லாம் உங்க பேர்ல பதிவாகியிருக்கா?" என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

அவர் கையை நீட்டினார். "குடுங்க, பார்க்கலாம்."

கொடுக்கவா வேண்டாமா என்று அவள் தயங்குவதற்குள் முடிதிருத்துபவரே எடுத்துக் கொடுத்துவிட்டார், பாரம் குறைந்தால் போதும் என்று.

ரிவர்ஸ்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரின் பானெட்மேல் காகிதத்தை வைத்து மூன்று பக்கத்தையும் படித்தார். ஒரு வரி விடாமல். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுதாகப் படித்த முதல் ஆள்.

"நாலாவது வரி புரியல" என்றார். "'குணமாகும் வாய்ப்பு இல்லாதபோது மெஷின் வேண்டாம்'னு போட்டிருக்கீங்க. வாய்ப்பு இல்லைன்னு யாரு சொல்றது?"

"டாக்டர்தான்."

"டாக்டர் நூத்துக்கு அஞ்சுன்னு சொன்னா? அது வாய்ப்பு இருக்கா, இல்லையா?"

அப்படி அவள் யோசித்ததில்லை, அதில் எரிச்சல் வந்தது. ஆனாலும் இந்த ஒன்றரை மாதத்தில் எழுதியதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சொன்னார்கள், அழுதார்கள், எழுந்து போனார்கள். கேட்டது இந்த ஆள்தான். இந்த ஆளா என்று இருந்தது.

"எழுதினது எழுதினதுதான். கையெழுத்துப் போட முடியுமா முடியாதா?"

"போடறேன். ஆனா அந்த வரி சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே போட்டார். அவர் போட்டதைப் பார்த்து வெட்கப்பட்டு முடிதிருத்துபவரும் போட்டார், கோணல்மாணலாக. அன்றைக்கு டெஸ்டிலும் அவர் தேறிவிட்டார்.

இரண்டு கட்டம் நிரம்பியது. மூன்றாவது காலியாகவே இருந்தது. அவள் காகிதத்தை வீட்டுக்காரர் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவர் அதன்மேல் தட்டு வைக்காமல் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். பத்து நாள் அப்படியே சாப்பிட்டார். பதினோராம் நாள் அவள் எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"கையெழுத்துப் போடாட்டியும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா இதை எடுத்துட்டு வாங்க. இதையாவது செய்யுங்க."

"ம்" என்றார்.

அந்த 'ம்' என்பதை அவள் நம்பினாள்.

மழைக்காலத்தில் சளி பிடித்தது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் மதியம் உதடு நீலம் பாய்ந்து, பேச்சு குழறி, ஆம்புலன்ஸில் போனாள். போன நினைவு பாதிதான் உண்டு. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் ஒழுங்காக நினைவில்லை. விளக்கு, சத்தம், தொண்டையில் கல்லை வைத்து அடைத்தது போல ஒன்று. கையை அசைக்கப் பார்த்தால் அசையவில்லை.

ஆறு நாள் அவள் இயந்திரத்தில் இருந்தாள். ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலோடு.

வந்த அன்றைக்கே, துவைக்கப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பையில் காகிதம் கிடைத்தது. எட்டாக மடித்திருந்தது. வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்தீங்களா?"

"வந்தேன்."

"காட்டினீங்களா?"

அவர் ஸ்பேனரைத் தேடவில்லை. அப்படியே நின்றார்.

அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். பன்னிரண்டு நாள். அவர் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டாள், அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கினாள், வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தையும் அவளால் நிம்மதியாகப் பட முடியவில்லை. அவர் காட்டியிருந்தால் இன்றைக்கு இப்படி உட்கார்ந்து கோபப்பட ஆள் இருந்திருக்காது. உயிரோடு இருக்கிறாள். காலையில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறாள், பிடித்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்வதா, சொன்ன பேச்சைக் கேட்காததற்குச் சண்டை போடுவதா? இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே காரியத்துக்காக.

டாக்டரம்மா அதைவிட மோசம் செய்தார். பரிசோதனைக்குப் போனபோது அவள் புகார் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார்.

"உங்க பேப்பர் என் கைக்கு வந்திருந்தாலும் நான் அவர்கிட்டதான் கேட்டிருப்பேன். மூணாவது கட்டம் காலி. அதோட, 'வாய்ப்பு இல்லாதபோது'ன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு வாய்ப்பு இருந்துச்சு. அதான் உட்கார்ந்து பேசறீங்களே."

கோபப்படக் கிடைத்த நியாயமும் கைநழுவிப் போனது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ரிவர்ஸ்காரர் சொன்னது சரிதான். அது இன்னும் கடுப்பு.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம், அவர் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"உன் கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க."

அவள் திரும்பினாள்.

"குழாயைப் பிடுங்கிடுவேன்னு கட்டிலோட சேர்த்து. துணியால. ஆறு நாளும் நான் வந்து நிக்கும்போதெல்லாம் நீ தலையை ஆட்டின. வலிக்குதுன்னு ஆட்டினியா, வேணாம்னு ஆட்டினியா, என்னைத் திட்டினியா, ஒண்ணும் தெரியல. பேப்பர் இங்கதான் இருந்துச்சு." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "எடுக்கணும்னு நினைப்பேன். எடுத்தா நீ போயிடுவே. எடுக்கலேன்னா நீ இப்படி ஆட்டிட்டே கிடப்பே. தினமும் எடுக்காமலே வந்தேன்."

அவள் நினைவுக்கு எட்டிய வரை, அவர் இத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"இதை முன்னாடியே பேசியிருந்தா..." என்றாள். குரல் உடைந்து காற்றாக வந்தது.

"பேசியிருந்தாலும் என்னால முடிஞ்சிருக்காது. அதை இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்னை அந்தக் கட்டத்துல எழுதாதே. உன் பக்கத்துல இருக்கச் சொல்லு, இருக்கேன். வேணாம்னு சொல்லச் சொல்லாதே. எனக்கு அந்த வார்த்தை வராது."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. முப்பத்துமூன்று வருடம் அவள் கையால் சோறு தின்ற மனிதர், ஒரு வார்த்தை வராதாம். ஆனாலும் வராது என்று வாய்விட்டுச் சொன்னாரே. இதை ஆறு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அவள் வேறு ஆளைப் பார்த்திருப்பாள்.

"அப்ப யாரை எழுத?"

"எனக்குத் தெரியல" என்றார் அவர். இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

தங்கைக்கு வராது. மகனுக்கு வராது. யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசியில் அவள் போன் பண்ணியது ரிவர்ஸ்காரருக்கு. அவர் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிஜன் இயந்திரத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாலாவது வரியை மாத்தணும்" என்றாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. அதைத் திருப்பிச் சொல்ல வேணாம்."

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். நோய்த்தொற்று போலச் சரியாகக்கூடிய ஒன்று என்றால் இயந்திரம் வைக்கலாம், ஆனால் ஏழு நாள். ஏழு நாளில் தேறவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறலுக்கு மருந்து தாராளமாகக் கொடுக்க வேண்டும். கையைக் கட்ட வேண்டி வந்தால் அதற்கு முன் தூங்க வைக்க வேண்டும். இதைச் சொன்னது குழாய்க்காரர், சமையலறை வாசலில் நின்றபடி. அவர் சொன்னதும் இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். "எழுதுங்க" என்றார்.

கடைசியில் அவள் மூன்றாவது கட்டத்தைக் காட்டினாள்.

"நானா?" என்று ரிவர்ஸ்காரர் நிமிர்ந்தார். "ஒன்பது வருஷம் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிட்டுப் போன ஆளு நீங்க."

"அதுக்குத்தான். உங்களுக்கு என்மேல பாசம் ஒண்ணும் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவீங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "பாசம் இல்லைன்னு யாரு சொன்னா?" என்று முணுமுணுத்தார். பிறகு, "சரி, அதை வெளியில காட்டிக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார். அவருடைய பழைய சாட்சிக் கட்டத்துக்குப் புதிய ஆளாக, ஓய்வுபெற்ற வாத்தியாரை அவள் விடாப்பிடியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து வாங்கினாள். இந்தத் தடவை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. முடிதிருத்துபவரும் புதுக் காகிதத்தில் மறுபடி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மகன் லீவு போட்டு வந்தான். காகிதத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவன் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்த்தான்.

"இது யாரு பேரு?"

சொன்னாள்.

"எதிர்க்கடைக்காரரா? அம்மா, நான் உனக்கு யாரு?"

"நீ என் பிள்ளை. நான் இதைப் பத்தி எட்டுத் தடவை பேசினேன். எட்டுத் தடவையும் சாப்பிட்டியான்னு கேட்ட."

"அதுக்காக ரோட்டுல போற ஒருத்தர் வந்து உன் மெஷினை நிறுத்தச் சொல்வாரா?"

"ரோட்டுல போறவர்தான்டா உட்கார்ந்து படிச்சார்."

அவன் காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனான். கதவு அடித்த அடியில் ஜன்னல் அதிர்ந்தது. அவள் பின்னால் எழுந்து போக முயன்று, ஆக்ஸிஜன் குழாய் இழுத்ததால் பாதி வழியில் நின்றாள். அந்தச் சில மீட்டர் குழாயின் நீளம்தான் இப்போது அவள் போகக்கூடிய தூரம். சண்டையைக்கூட வாசல் வரை கொண்டுபோய் முடிக்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். கண் சிவந்திருந்தது. மேஜைமுன் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தான். நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்தான். மறுபடி வந்து படித்தான்.

"ஏழு நாள்னா என்ன கணக்கு?" என்றான்.

"நான் சொன்ன கணக்கு."

"போன தடவை ஆறாம் நாள் வரைக்கும் நீ தேறுவேன்னு டாக்டருக்கே நிச்சயமில்லைன்னு அப்பா சொன்னார். ஏழு ரொம்பக் கிட்ட இருக்கு. பதினாலு போடு."

"பதினாலு நாள் நீ கிடந்து பார்க்கறியா?"

"அப்ப பத்து."

"ஏழு."

"பத்தும்மா. நான் ஊர்லேர்ந்து கிளம்பி வந்து சேரவே ஒரு நாள் ஆகும். வந்ததும் என்னால உடனே சரின்னு சொல்ல முடியுமா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. இவன் யாரிடம் பேரம் பேசுகிறான் என்று சினம் பொங்கியது. அவள் உடம்பு, அவள் தொண்டை, அவள் எழுதிய காகிதம். இருந்தாலும் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். பேச்சை மாற்றவில்லை, போனை எடுக்கவில்லை.

"வலிக்குமா?" என்று அவன் கேட்டான், காகிதத்தைப் பார்த்தபடியே.

"மூச்சு முட்டும்போது பயமா இருக்கும். அதுக்கு மருந்து இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சாவதுல இருக்கு பாரு."

அவன் ஐந்தாவதைப் படித்தான். குழாய்க்காரர் மூவருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு போட்டா என்ன?" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அவள்.

"ஒன்பது" என்றான் மகன்.

"ஏழு. இதுக்கு மேல ஒருத்தரும் பேசக் கூடாது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், இன்னும் பேசத் தயாராக.